பைக்கில் டைட்டானியம் போல்ட் மாட்டுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் யமஹா ஆர்15-இல் 46 இரும்பு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு டைட்டானியம் மாட்டினேன். பழையதையும் புதியதையும் தனித்தனியாக எடை போட்டால் வித்தியாசம் 210 கிராம். ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். வண்டியோ 142 கிலோ. எடை குறையும் என்ற ஒரே ஆசையில் வாங்கப் போகிறீர்கள் என்றால், காலையில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள், காசாவது மிஞ்சும்.

நான் மாட்டியதற்குக் காரணம் துரு. வீடு திருவான்மியூரில். ஒரு மழைக்காலம் போனதும் ஃபேரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் பலகைகள்) போல்ட் தலைகளில் எல்லாம் செம்மண் நிறம். டைட்டானியம் துருப்பிடிக்காது. அதன் தாதுவான இல்மனைட், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருப்பதுதான். கடற்கரையில் பிறந்தது கடற்காற்றுக்குப் பயப்படுமா!

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டைட்டானியம் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது போய் உட்காரும் அலுமினிய ஓட்டைக்குத்தான் எல்லாம் ஆகும். கடினமான போல்ட்டைக் கோணலாகத் திருகினால் மெத்தென்ற அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அரிக்கப்படுவதும் அலுமினியம்தான். அதனால் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை ஓட்டையின் மரையைக் காப்பாற்றத்தான்.

வாங்குவதற்கு முன் அளவு எடுங்கள்

"உங்கள் பைக்குக்கான முழு செட்" என்று வருவதை நம்பி அப்படியே வாங்காதீர்கள். மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாக அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றை எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து நுனிவரை எடுக்க வேண்டும். தலை பலகையோடு பலகையாக அமுங்கி உட்காரும் வகை என்றால் மட்டும் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும்.

எம்5, எம்6, எம்8 அளவுகளில் (எண் என்பது போல்ட்டின் விட்டம், மி.மீ.-இல்) பைக்கில் வருவது பெரும்பாலும் ஒரே மரைதான்: முறையே 0.8, 1.0, 1.25. இது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள இடைவெளி, இதுவும் மி.மீ.-இல்தான். வம்பு எம்10-இல் இருக்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5 மரை. ஜப்பானிய வண்டிகளில் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) போன்ற இடங்களில் அதிகம் வருவது 1.25. தப்பான மரை முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு விரலால் சுகமாக ஏறும், அப்புறம்தான் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டால் ஓட்டை போச்சு. சந்தேகம் தீர எளிய வழி: பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை கோத்துப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசியாமல் பல்லும் பல்லும் பொருந்தினால் சரி.

பழைய போல்ட் தலையில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், 10.9 என்றால் 1000, 12.9 என்றால் 1200 வரை இழுவிசை தாங்கும் இரும்பு. நாம் வாங்க வேண்டிய கிரேடு 5 டைட்டானியம், அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது, ஏறத்தாழ 900-க்கு மேல் தாங்கும். ஆகவே 8.8 இருந்த இடத்தில் தைரியமாகப் போடலாம். 10.9, 12.9 என்று எழுதியிருந்தால் கை வைக்காதீர்கள். எஞ்சின் மவுன்ட், ஸ்விங் ஆர்ம், சக்கர அச்சு, ஃபோர்க் கிளாம்ப் இவற்றை எண் என்னவாக இருந்தாலும் முதன்முறை செய்பவர் தொட வேண்டாம்.

வந்தது டைட்டானியம்தானா?

டைட்டானியம் என்ற பெயரில் சாயம் ஏற்றிய அலுமினியமும் விற்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பை மட்டும் ஒதுக்கலாம். அலுமினியமும் ஒட்டாது, பல ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளும் ஒட்டாது.

நம்பகமான சோதனை தராசு. நகை நிறுக்கும் சின்ன மின்னணுத் தராசு போதும். ஒரே அளவுள்ள பழைய இரும்பு போல்ட்டோடு ஒப்பிட வேண்டும். தலையின் வடிவமும் ஒன்றாக இருக்கட்டும். எம்8, 30 மி.மீ. ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) இரும்பில் சுமார் 17 கிராம். டைட்டானியம் என்றால் 9 முதல் 10 கிராம் வரும். 6 கிராம் காட்டினால் அது அலுமினியம். அதை பிரேக் பக்கமே கொண்டு போகாதீர்கள், ஃபேரிங்கில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடை இரும்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்து காந்தமும் ஒட்டவில்லை என்றால் ஸ்டெயின்லெஸ்.

தேவையான சாமான்

நல்ல ஆலன் கீ செட், எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று (2 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டுவது), பிரேக்குக்கு அதைவிடப் பெரியது ஒன்று, ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை ஒட்டிப் பிடிக்காமல் காப்பது), நீல நிற லாக்டைட் (போல்ட் தானாக இளகாமல் பிடிக்கும் பசை), பிரேக் கிளீனர், பெயின்ட் மார்க்கர், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் முறுக்கிக்கொள்ளலாம் என்பவர்கள் இந்த வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது.

இன்னொன்று, ஒரு பழைய அட்டைப்பெட்டி. அதன் மேல் வண்டியைக் குத்துமதிப்பாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள்.

ஃபேரிங்கில் தொடங்குங்கள்

தப்பு நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத இடம் இது. முறை எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்: ஒன்றைக் கழற்று, அதே இடத்தில் புதியதை மாட்டு, அப்புறம் அடுத்தது. மொத்தமாகக் கழற்றிப் போட்டால் பலகை நகர்ந்துவிடும், ஓட்டைகள் நேராக வராது.

இங்கே லாக்டைட் கூடவே கூடாது. ஃபேரிங் பிளாஸ்டிக்கில் பட்டால் நாளடைவில் விரிசல் விடும். கிளிப் நட்டிலும் ரப்பர் நட்டிலும் ஏறுவதால் பலமும் வேண்டாம், வாஷர் படிந்ததும் நிறுத்துங்கள்.

எஞ்சின் கவர்

நான் அடிபட்ட இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளட்ச் கவரில் ஏழாவது போல்ட். அதுவரை எல்லாம் நன்றாகப் போனதால் கை திமிர். விரலால் ஏற்றாமல் நேராக ராட்செட்டில் மாட்டி முறுக்கினேன். இரண்டு சுற்றில் லேசாக இறுகியது, மூன்றாவது சுற்றில் திடீரென்று இளகிவிட்டது. வெளியே எடுத்தால், போல்ட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கம்பிச் சுருள், பேனா ஸ்பிரிங் மாதிரி பளபளவென்று. எஞ்சினின் மரை அது. லேத் பட்டறை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "காஞ்ச மரையில முறுக்கினியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஹெலிகாயில், அதாவது ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள், போட்டுச் சரிசெய்து கொடுத்தார்.

ஆகவே எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றுங்கள். ஓட்டைக்குள் பிரேக் கிளீனர் அடித்து, காது குடையும் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கினால் போல்ட் அதை அழுத்தி, இறுகிவிட்டது போலப் பொய்யாகக் காட்டும். போல்ட்டின் மரையில் மட்டும் ஆன்டி-சீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வழிந்து நிற்கக் கூடாது.

இப்போது முக்கியமான அசைவு. போல்ட்டை ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கமாக, கழற்றும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். மரை வாய் கண்ட இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு ஏறும். குறைந்தது ஐந்து சுற்றாவது விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் கழற்றி மறுபடி முதலிலிருந்து.

கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில். எம்6-க்கு மேனுவல் 10 நியூட்டன் மீட்டர் என்று சொல்லியிருந்தால், ஆன்டி-சீஸ் தடவிய மரைக்கு நான் 8 வைப்பேன். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி உராய்வில் போகிறது. உராய்வைப் பேஸ்ட் குறைத்துவிட்டால் அதே 10-க்கு இழுப்பு எகிறிவிடும். மேனுவலே எண்ணெய் தடவிய மரைக்கான அளவைச் சொல்லியிருந்தால் இப்படிக் குறைக்க வேண்டாம்.

ஒரு சௌகரியம்: சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் எஞ்சின் எண்ணெயும் அந்தப் பக்கம் போய்விடும். வலப்பக்க கிளட்ச் கவரில் ஒவ்வொன்றாக மாற்றினால் எண்ணெய் சொட்டாது, கேஸ்கெட்டும் அசையாது.

பிரேக்: கடைசியில், கை பழகியபின்

காலிப்பரை ஃபோர்க்கோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஆன்டி-சீஸ் துளிகூட டிஸ்க்கிலோ பேடிலோ படக் கூடாது, அதனால் பழைய துணியால் டிஸ்க்கை மூடிவிடுங்கள்.

டிஸ்க் போல்ட்டுக்கு ஆன்டி-சீஸ் வேண்டாம், லாக்டைட் மட்டும். இரண்டையும் சேர்த்துத் தடவினால் இரண்டுமே வேலை செய்யாது. கம்பெனியிலேயே இவற்றில் லாக்டைட் போட்டிருப்பதால் கழற்றும்போது அடம்பிடிக்கும். ஆலன் கீ முழு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிதானமாக விசை கொடுங்கள். ஓட்டையில் ஒட்டியிருக்கும் பழைய பசைத் தூளைச் சுத்தம் செய்தபின்தான் புதியது. இரும்பில் பிடிக்கும் வேகத்தில் லாக்டைட் டைட்டானியத்தில் பிடிக்காது. முழுதாக ஒரு நாள் வண்டியை நிறுத்திவையுங்கள்.

டைட்டானியம் போல்ட்டோடு டைட்டானியம் நட், அல்லது ஸ்டெயின்லெஸ் நட் வரும் இடங்கள் வேறு ரகம். காய்ந்தபடி வேகமாக முறுக்கினால் மரையும் மரையும் கவ்வி ஒட்டிக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே லாக்டைட் இல்லையென்றால் ஆன்டி-சீஸ் கட்டாயம், ராட்செட்டைச் சடசடவென்று ஓட்டவும் கூடாது.

எல்லாம் முடிந்ததும் பிரேக் லீவரைப் பலமுறை பிடித்து விடுங்கள். கெட்டியாக நின்றால்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

அப்புறம்

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி போடுங்கள், அப்படியே மேலும் முறுக்கிவிடாதீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எஞ்சின் கவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆன்டி-சீஸைப் புதுப்பித்துவிடுங்கள். வெள்ளை மாவு மாதிரி ஏதாவது ஓட்டை வாயில் தெரிந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

பழைய போல்ட்டுகளை அந்த அட்டையோடு அப்படியே பரண்மேல் வையுங்கள். வண்டியை விற்கும்போது அவற்றைத் திரும்ப மாட்டிக்கொடுத்துவிட்டு டைட்டானியத்தை எடுத்துக்கொள்ளலாம். எம்6-உம் எம்8-உம் அடுத்த வண்டியிலும் வரும்.