ஐ.வி.சி. ஃபில்டர் வைக்கச் சொல்லியிருக்கிறார்களா? எடுக்கும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்

காலில் ரத்தம் உறைந்திருக்கிறது, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடாமல் இருக்க வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் (அதுதான் ஐ.வி.சி.) ஒரு ஃபில்டர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஏன் கொடுக்க முடியாது?

ஏனென்றால் ஹெப்பரின், எனாக்ஸாபரின் ஊசிகளும் வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளும்தான் இதற்கு முதல் சிகிச்சை. மூளையில் ரத்தக்கசிவு, வயிற்றில் ரத்தப்போக்கு, இப்போதுதான் பெரிய ஆபரேஷன் முடிந்திருக்கிறது என்று மருந்தே கொடுக்க வழியில்லாதவர்களுக்கும், சரியான அளவில் கொடுத்தும் மறுபடி மறுபடி உறைகிறவர்களுக்கும்தான் ஃபில்டர். "மருந்தும் கொடுக்கிறோம், கூடுதல் பாதுகாப்புக்கு இதையும் வைத்துவிடலாம்" என்று சொன்னால், ஏன் என்று இன்னொரு முறை கேளுங்கள். 2015-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 399 பேருக்கு மருந்து கொடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஃபில்டரும் வைத்துப் பார்த்தார்கள். 3 மாதத்தில் அதனால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

ஃபில்டர் என்பது குடைக்கம்பி போல விரியும் மெல்லிய உலோகக் கம்பிகள். காலிலிருந்து மேலே வரும் பெரிய ரத்தக்கட்டியைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். இருக்கும் கட்டியைக் கரைக்காது, காலில் புதிதாக உறைவதையும் தடுக்காது.

ஃபில்டர் வைக்கப் போகும் முன் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஐ.என்.ஆர்., பிளேட்லெட் (இரண்டும் ரத்தம் உறையும் தன்மைக்கு) பார்ப்பார்கள். முன்பு எப்போதாவது ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதற்காகப் போட்ட கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால், நிக்கல் அலர்ஜி இருந்தால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். கான்ட்ராஸ்ட் கொடுக்க முடியாதவர்களுக்கு கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தே படம் எடுக்க வழி இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேத் லேபில் (எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் சிகிச்சை செய்யும் அறை) நடப்பது பயப்படும் அளவுக்கு இல்லை. பெரும்பாலும் விழித்தேதான் இருப்பீர்கள். கழுத்தின் வலது பக்கத்திலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் ஊசியை விட்டு, அதன் வழியாக ஒரு கம்பியையும் அதன் மேல் மெல்லிய குழாயையும் நுழைப்பார்கள். அப்புறம் கான்ட்ராஸ்ட் போட்டு எக்ஸ்ரே படம். அந்த நேரத்தில் உடம்பு சட்டென்று சூடாவது போல இருக்கும், போய்விடும். இந்தப் படம்தான் முக்கியமான கட்டம். ரத்தக்குழாயின் அகலம் எவ்வளவு (பல ஃபில்டர்கள் 28 முதல் 30 மி.மீ. வரைதான் தாங்கும்), உள்ளே ஏற்கெனவே கட்டி இருக்கிறதா, சிறுநீரகத்திலிருந்து வரும் ரத்தக்குழாய்கள் எங்கே வந்து சேர்கின்றன, சிலருக்குப் பிறவியிலேயே இருப்பது போல இந்தப் பெருங்குழாய் இரண்டாக இருக்கிறதா என்று இத்தனையையும் இதில்தான் பார்க்கிறார்கள். பிறகு அந்தச் சிறுநீரக ரத்தக்குழாய்கள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஃபில்டரை விடுவித்ததும் அது தானாக விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு படம் எடுத்துச் சரிபார்த்து, குழாயை உருவி, ஊசி போட்ட இடத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். எல்லாம் சேர்த்துப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஐ.சி.யூ.விலிருந்து நகர்த்த முடியாதவர்களுக்குக் கட்டிலிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்வதும் உண்டு.

தொடை வழியாக வைத்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஃபில்டர் இருந்தாலும் நுரையீரலில் அடைப்பு வரவே வராது என்று சொல்ல முடியாது, அதனால் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

சரி, நான் மன்றாடிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். இப்போது வைப்பதில் பெரும்பாலானவை திரும்ப எடுக்கக்கூடியவை, ஆனால் எடுக்காமலே விட்டுப்போவது சர்வசாதாரணம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-இல் இதைப் பற்றி எச்சரித்தது. 2005-இலிருந்து அதற்கு வந்த 921 புகார்களில் 328, ஃபில்டர் இடம் நகர்ந்ததைப் பற்றியவை. கம்பி உடைந்தது, சுவரைக் குத்தியது என்பவையும் மற்றவற்றில் உண்டு. நுரையீரல் அடைப்பு ஆபத்து நீங்கியவர்களுக்கு, வைத்த 29-ஆம் நாளிலிருந்து 54-ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது என்று 2014-இல் அதே எஃப்.டி.ஏ. சொன்னது. நாளாக ஆகக் கம்பிகள் சுவரில் புதைந்துபோகும், எடுப்பதும் கடினமாகும்.

ஏன் விட்டுப்போகிறது? வைத்தவர் ஒரு டாக்டர், வார்டில் பார்த்தவர் இன்னொருவர், ஓ.பி.யில் பார்ப்பவர் வேறொருவர். காலில் வீக்கம் குறைந்ததும் வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஃபில்டரின் பெயர், மாடல், வைத்த தேதி, எடுப்பதை முடிவு செய்யப்போகும் டாக்டர், வரவேண்டிய நாள் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். உறையாமல் தடுக்கும் மருந்தை எப்போது தொடங்கலாம் என்பதையும் கேளுங்கள். கூடவே தரும் ஃபில்டர் விவர அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் காட்டலாம்.

எடுப்பதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். முதலில் ஃபில்டருக்குள் கட்டி சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், பெரிதாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். இல்லையென்றால் பெரும்பாலும் கழுத்து வழியாகச் சுருக்குக் கம்பியை விட்டு, ஃபில்டரின் கொக்கியைப் பிடித்து, குழாய்க்குள் மடக்கி வெளியே இழுத்துவிடுவார்கள்.

வருடக்கணக்கில் உள்ளேயே இருந்தாலும் கைவிட வேண்டாம். பழைய சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு ஒரு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டை (படம் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய் வழியாக இப்படிச் சிகிச்சை செய்யும் டாக்டர்) பாருங்கள். சி.டி. எடுத்துப் பார்த்து, எடுக்கலாமா, அப்படியே விடுவது நல்லதா என்று அவர் சொல்வார். புதைந்துபோனதை எடுக்க லேசர் குழாய் வரை இப்போது வந்துவிட்டது.