கரப்பான் பூச்சி என்றால் கோபப்படாதீர்கள்: ஆரிஜின் ரக்பி பருவத்துக்கு ஒரு வழிகாட்டி

சிட்னியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிஸ்பேன்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீயும் கரப்பான் பூச்சியாகிவிட்டாயா?" என்று கேட்டார். மனது சுருக்கென்றது. நிறத்தைச் சொல்கிறாரோ, நாட்டைச் சொல்கிறாரோ என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். புதிதாக வரும் யாரும் அப்படித் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்காரர்கள், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ்காரர்களைக் கரப்பான் பூச்சி என்பார்கள். பதிலுக்கு இவர்கள் அவர்களைக் கரும்புத் தேரை என்பார்கள். கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935இல் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, கட்டுக்கடங்காமல் பெருகிய தேரை அது. உங்களை அப்படி அழைத்தால், இந்த ஊர்க்காரராக எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இந்தக் கேலி உச்சத்துக்குப் போவது மே இறுதியிலிருந்து ஜூலை வரை. அப்போதுதான் ரக்பி லீக்கில் இரு மாநிலங்களும் மோதும் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' தொடர் நடக்கும். மூன்று ஆட்டங்கள், பெரும்பாலும் புதன்கிழமை இரவில். நியூ சவுத் வேல்ஸுக்கு நீலம், குயின்ஸ்லாந்துக்கு மெரூன். அந்தப் புதன்கிழமை எந்தச் சட்டையை எடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்து எடுங்கள்.

இதன் கதை தெரிந்தால்தான் அந்த வேகம் புரியும். முன்பெல்லாம் எந்த மாநிலத்து கிளப்பில் ஆடுகிறார்களோ அந்த மாநிலத்துக்குத்தான் வீரர்கள் ஆட வேண்டும். சிட்னி கிளப்புகளிடம் பணம் இருந்தது. குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போய்விடுவார்கள், அப்புறம் நீலச் சட்டையில் வந்து சொந்த மண்ணையே தோற்கடிப்பார்கள். 1980 ஜூலை 8 அன்று, பிரிஸ்பேன் லாங் பார்க் மைதானத்தில் அது மாறியது. கிளப் எதுவானாலும் பரவாயில்லை, ஆட்டத்தைத் தொடங்கிய மாநிலத்துக்கு ஆடலாம் என்றார்கள். குயின்ஸ்லாந்தின் ரோமாவில் பிறந்து, சிட்னியில் பெயர் வாங்கிய ஆர்தர் பீட்சன் 35 வயதில் மெரூன் அணிக்குத் தலைமை தாங்கினார். பரமட்டா கிளப்பில் தன்னோடு ஆடிய மிக் குரோனினையே அவர் அன்று மூர்க்கமாகத் தாக்கியதை இன்றும் பேசுகிறார்கள். குயின்ஸ்லாந்து 20–10 என்று வென்றது. 2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டுத் தொடர்களையும் அவர்களே வென்றார்கள். சிட்னிக்காரர்களிடம் அந்த எட்டு வருடங்களைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

மெல்போர்ன், அடிலெய்ட், பெர்த் பக்கம் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 'ஃபுட்டி' என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற வேறொரு ஆட்டம். பேச்செல்லாம் கிளப் பற்றித்தான். ஆனால் ஆரிஜின் யோசனை பிறந்ததே அந்த ஆட்டத்தில்தான். அந்த யோசனைப்படி 1977இல் பெர்த்தில் நடந்த ஆட்டத்தில் மேற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவை 94 புள்ளிகளில் சாய்த்தது. 1999க்குப் பிறகு அந்த ஆட்டத்தில் மாநிலங்களுக்கு இடையிலான மோதல் வழக்கமாக நடக்கவில்லை.

சரி, பார்ப்பது எப்படி? ஆட்டம் சேனல் நைனில் இலவசமாக வரும். ஓர் அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்து கையில் இருக்கும்போது ஆறு முறை மடக்கப்பட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, நான்கு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும். மைதானத்துக்குப் போனால் காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.

"எந்த ஊர்?" என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தத் தொடர் சீக்கிரம் பிடித்துவிடும். இப்போதைய விதிப்படி, 13 வயதுக்கு முன் அந்த மாநிலத்தில் வாழ்ந்திருந்தாலும் அதற்கு ஆடத் தகுதி உண்டு. சிட்னியின் டூங்காபியில் வளரும் உங்கள் பிள்ளைக்கு நீலம் ஏற்கெனவே சொந்தம். ஆட்டம் தொடங்க இரவு எட்டு மணி தாண்டிவிடும். அன்று மட்டும் பிள்ளைகளை முதல் பாதி முடியும்வரை விழித்திருக்க விடுங்கள். மறுநாள் பள்ளியில் அதைத்தான் பேசுவார்கள்.