பூசணம் பிடித்த இசைத்தட்டைக் கழுவுவது எப்படி?

தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கட்டு இசைத்தட்டுகள் இருந்தன. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இன்னும் கிடக்கும். கிடைத்த ஆசையில் முதல் தட்டை எடுத்து அப்படியே ஓடவிட்டேன், ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசி நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை சேர்ந்துவிட்டது. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தட்டில் இருக்கும் பள்ளம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அகலம்தான், அதற்குள் தூசி இருக்கும்போது ஊசியை ஓட்டினால் அது பள்ளத்தின் சுவரையே தேய்த்துவிடும். அப்புறம் எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

கழுவுவதற்கு முன்னால் தட்டு எந்த வகை என்று பாருங்கள். லேபிளில் 78 என்று வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) போட்டு, கையில் எடுத்தால் கனமாக, கொஞ்சம்கூட வளையாமல் இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. 33⅓ வேகத்தில் ஓடும் பெரிய தட்டும் 45 வேகத்தில் ஓடும் சின்னத் தட்டும் 1948, 1949இல் வந்தவை, அவை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும், ஒரு துடைப்பிலேயே பாட்டு போய்விடும். அதனால் 78க்கு ஆல்கஹாலே வேண்டாம். சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து லேசாகத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

வினைலுக்கு 800 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மில்லிலிட்டர், வாசனை சேர்க்காத பாத்திர சோப்பு இரண்டு சொட்டு. நம் ஊர்க் கடையில் ‘ஆயர் சூலிங்’ என்று கேட்டால் அந்தத் தண்ணீரை எடுத்துத் தருவார்கள். குழாய்த் தண்ணீர் காய்ந்ததும் அதிலுள்ள உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும், அதனால் அது சரிவராது.

முதல் வேலை பூசணம். மழையும் வெக்கையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் இதுதான் பெரிய எதிரி. வீட்டுக்குள் தட்டினால் அது அறை முழுக்கப் பறக்கும், அதனால் தட்டை வாசலுக்குக் கொண்டுபோங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். தட்டைச் சுற்றியிருந்த உள்தாள் உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூசணம் அந்தத் தாளில்தான் குடியிருக்கும், கழுவிய தட்டை மறுபடி அதற்குள் வைத்தால் செய்த வேலை வீண். வெளி அட்டை மட்டும் போதும், அதை உலர்ந்த துணியால் துடைத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மேசையில் சுத்தமான துண்டை விரித்துத் தட்டை வையுங்கள். நடுவில் உள்ள லேபிள் காகிதம்தான், நனைந்தால் எழுத்து கலங்கிவிடும். பெரிய தட்டில் அது சுமார் 10 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும், அந்த அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டால் பயமில்லை. மைக்ரோஃபைபர் துணியைக் கலவையில் நனைத்துப் பிழிந்து, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே ஒருபோதும் வேண்டாம். ஒரு நிமிடம் ஊறவிட்டு மறுபடியும் ஒரு சுற்று, அப்புறம் வேறொரு துணியில் வெறும் ஆயர் சூலிங் நனைத்து சோப்பை எடுத்துவிடுங்கள். இப்போது தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். சுத்தமான இடத்தில் வெளிச்சம் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே கோடாக ஓடும், பூசணம் மிச்சமிருக்கும் இடத்தில் அந்தக் கோடு மங்கிப் புள்ளி புள்ளியாக உடையும். உடைந்த இடம் தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு முறை துடையுங்கள்.

காய வைக்கப் பாத்திரம் அடுக்கும் தாங்கியே போதும், தட்டை நிமிர்த்தி நிறுத்துங்கள். வெயிலில் வைக்கவே கூடாது, நம் நண்பகல் வெயிலில் வினைல் நெளிந்துவிடும்.

தட்டு காய்வதற்குள் ஊசியையும் பார்த்துவிடுங்கள். சின்ன மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் ஊசி பிடித்திருக்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் வந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். எல்லா இடத்திலும் சரசரவென்று கலந்து வந்தால் இன்னும் அழுக்கு இருக்கலாம், இன்னொரு முறை கழுவிப் பாருங்கள். 33⅓ தட்டில் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று வந்தால், தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் அதுதான், அப்படியென்றால் அது கீறல். கழுவிப் பயனில்லை, அந்தப் பாட்டை அந்த ‘டக்’கோடு கேட்க வேண்டியதுதான்.

முழுவதும் காய்ந்த பிறகு புது உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது நெளியும். குளியலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பெட்டிக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து மோந்து பாருங்கள். அந்தப் பழைய வாடை திரும்ப வந்தால் எந்தத் தட்டில் என்று அன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள்.