பழைய போன், லேப்டாப்: கீறலைப் பார்த்துவிட்டுப் பூட்டைக் கோட்டை விடுகிறோம்

யாரோ பயன்படுத்திய போனையோ லேப்டாப்பையோ ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்து நேரில் வாங்கப் போகிறவர்கள், கையில் வாங்கியதும் முதலில் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். கீறல் இருக்கிறதா, ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். கீறல் விழுந்த போன் இன்னும் சில வருடம் உழைக்கலாம். புதுசு போலப் பளபளக்கிற போனோ வீட்டுக்கு வந்ததும் பேப்பர் வெயிட்டாகிவிடலாம். ஏனென்றால் இப்போதைய கருவிகளில் பொருள் உங்கள் கைக்கு வந்தாலும் உரிமை வந்துவிடுவதில்லை. அது பழைய உரிமையாளரின் கணக்கில், எங்கோ ஒரு சர்வரில் பதிவாகி இருக்கிறது.

“ரீசெட் பண்ணித்தான் வச்சிருக்கேன்”

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம். போனை அழித்த பிறகும் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டைக் கேட்கிற ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டை ஐபோனில் ஆப்பிள் 2013இல், ஐஓஎஸ் 7உடன் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் 2015இல் வெளியான 5.1 பதிப்பிலிருந்து இதே வேலையைச் செய்கிற ஏற்பாடு இருக்கிறது. திருடிய போன் திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் போனுக்குத் திருடனும் தெரியாது, காசு கொடுத்து வாங்கிய உங்களையும் தெரியாது.

செட்டிங்ஸுக்குள் போய், திரைப்பூட்டின் எண்ணைக் கொடுத்து ஆண்ட்ராய்டு போனை அழித்தால் பொதுவாக அந்தப் பூட்டும் விலகிவிடும். பட்டன்களை அழுத்திப் பிடித்து, ரெக்கவரி என்ற பழுதுநீக்கும் திரை வழியாக அழித்தால் பூட்டு அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போனும் ஒரே வரவேற்புத் திரையைத்தான் காட்டும். பல மொழிகளில் வணக்கம் சொல்கிற அந்தத் திரையைப் பார்த்துத் திருப்தியாகிப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் முதல் தவறு.

அங்கேயே, விற்பவர் முன்னாலேயே, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்து முகப்புத் திரை வரும்வரை முழுதாக அமைத்துப் பாருங்கள். நடுவில் “முன்பு பயன்படுத்திய கணக்கின் பாஸ்வேர்ட்” என்று கேட்டால் அதை அவர் போட்டுக் கணக்கை நீக்க வேண்டும். “பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, வீட்டுக்குப் போய் அனுப்புறேன்” என்றால் கிளம்பிவிடலாம். “அண்ணனோட போன், அவர் வெளியூர்ல இருக்கார்” என்ற சாக்குக்கும் பதில் உண்டு. ஐபோன் என்றால், அந்த அண்ணன் எந்த ஊரில் இருந்தாலும், ஆப்பிளின் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அந்தப் போனைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்ய முடியாதவர் உரிமையாளராக இருக்க வாய்ப்பு குறைவு.

லேப்டாப்பில் இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. அலுவலகங்கள் தங்கள் லேப்டாப்பை நிறுவனக் கணக்கோடு பிணைத்து வைத்திருக்கும். வேலையை விட்டவர் திருப்பித் தராமல் விற்றிருக்கலாம். இணையம் இல்லாதபோது எல்லாம் ஒழுங்காக ஓடும். சுத்தமாக அழித்து விண்டோஸையோ மேக் ஓஎஸ்ஸையோ மறுபடி நிறுவி வைஃபையில் சேர்த்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். அதனால் ரீசெட் செய்து இணையத்தில் இணைத்துப் பார்க்காத லேப்டாப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். விண்டோஸ் லேப்டாப்பில் பயாஸுக்குள்ளும் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற அடிப்படை செட்டிங்ஸ்) ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால் பின்னால் தலைவலிதான்.

ஸ்கிரீன்ஷாட்டில் வந்த ஐஎம்இஐ

போனில் *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும்; ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண் அது. திருட்டுப் போனா, முடக்கப்பட்டதா என்று அதை வைத்துத் தேடலாம் என்பது பலருக்குத் தெரியும். தவறு எங்கே நடக்கிறதென்றால், விற்பவர் அனுப்பிய படத்தில் இருக்கும் எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். அது வேறு போனின் எண்ணாக இருக்கலாம். கையில் இருக்கும் போனில் அழுத்திப் பார்த்து, செட்டிங்ஸில் உள்ள எண்ணோடும் பெட்டியில் உள்ள எண்ணோடும் ஒப்பிடுங்கள்.

இன்று சுத்தமாக இருக்கும் எண் அடுத்த மாதம் முடக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தவணையில் வாங்கிய போனை விற்றுவிட்டுத் தவணை கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. விற்ற பிறகு தொலைந்துபோனதாகச் சொல்லிக் காப்பீடு கேட்கிறவர்களும் உண்டு. இதற்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. வாங்கிய ரசீது, அதில் இருக்கிற பெயர், எதிரில் நிற்பவரின் அடையாள அட்டை மூன்றும் பொருந்தினால் ஆபத்து பெருமளவு குறையும். பிறகு உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்து பேசிப் பாருங்கள். நெட்வொர்க் பூட்டு (ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டியிருப்பது), மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே அழைப்பில் தெரிந்துவிடும்.

“இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க”

இந்த வாக்கியம் வந்ததும் நம் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. பொருளைப் பார்க்கும் முன் அட்வான்ஸ் அனுப்புவது இந்த அவசரத்தில்தான். முன்பணம் கேட்பவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையானவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுகிற எதுவும் அந்த நேரத்தில் உங்களிடம் இருக்காது.

அடுத்து, தளத்தின் சாட்டை விட்டு வேறு ஆப்புக்கு வரச் சொல்வார்கள். கமிஷன் மிச்சம் என்பார்கள். சில தளங்கள் பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணத்தைத் தங்களிடமே வைத்திருக்கும். நீங்கள் வெளியே போய்ப் பணம் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், புகார் செய்ய உரையாடலும் அங்கே இருக்காது. நண்பருக்கு அனுப்புவது போன்ற பரிமாற்றத்தில் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கிஃப்ட் கார்டாகக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மோசடிதான். கூரியர் பக்கம் என்று லிங்க் அனுப்பி அதில் கார்டு எண்ணைப் போடச் சொல்வது, “நீங்க உண்மையான ஆள்தானான்னு பார்க்கணும், வந்த ஓடிபியை அனுப்புங்க” என்பது, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி உங்கள் ரகசிய ‘பின்’ (PIN) எண்ணைப் போடச் சொல்வது எல்லாம் ஒரே குடும்பம். பணம் நம் கணக்குக்கு வருவதற்கு அந்த ‘பின்’ எண் தேவையில்லை. உங்கள் போனில் தன் கணக்கை லாகின் செய்து பார்க்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். லாகின் செய்ததும் உங்கள் போனையே அவர் பூட்டிப் பணம் கேட்கலாம்.

இன்றைய தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பொருளோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது பழைய யோசனை. ஏஐ படங்கள் வந்தபின் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீடியோ காலில் வரச் சொல்லி, போனை ஆன் செய்து செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பார்க்கும் இடமும் பார்க்கும் நேரமும்

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்திப்பது எல்லோரும் சொல்வது. கூடவே, அங்கே உட்கார இடமும் பிளக் பாயிண்ட்டும் இருக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு லேப்டாப்பைச் சோதிக்க முடியாது. ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். விற்பவரோடு அவர் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் கருவியைப் பார்க்கலாம். தனியாகப் போனால் பேச்சு சுவாரசியத்தில் பாதிச் சோதனை விட்டுப்போகும்.

பேட்டரியை மட்டும் ஊன்றிப் பாருங்கள். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் விதத்தில் செய்யப்பட்டது, 15 முதல் 1000 சுழற்சி. ஐஓஎஸ் 15.2க்குப் பிறகு பல மாடல்களில், மாற்றிய பேட்டரி ஒரிஜினலா என்பதையும் செட்டிங்ஸே சொல்லிவிடும். எண்களைவிட முக்கியமானது வீக்கம். லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் அழுத்தக் கடினமாக இருக்கிறதா, போனின் பின்மூடி ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சிம் ட்ரேயை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடியுங்கள். பல போன்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். ஓஎல்இடி திரையில் சாம்பல் நிறப் படத்தை முழுத்திரையில் வைத்தால் கீபோர்டின் நிழல் பதிந்திருப்பது தெரியும். மெமரி கார்டு, பென்டிரைவ் எல்லாம் பழையதாக வாங்கவே வேண்டாம். பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்கிற போலிகள் ஏராளம். கேம் கன்சோல் என்றால் ஆன்லைனில் இணைத்துப் பாருங்கள், தடை செய்யப்பட்டதாக இருக்கலாம்.

நன்றாக ஓடுகிற கருவியாக இருந்தாலும் ஆயுள் முடிந்திருக்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். “அருமையான கண்டிஷன், ஐ7” என்று விளம்பரத்தில் இருக்கும். எந்தத் தலைமுறை ஐ7 என்று இருக்காது. கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் “எல்லா சாஃப்ட்வேரும் போட்டிருக்கேன்” என்று கொடுத்த லேப்டாப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இயங்குதளத்தை இறக்கிப் புதிதாக நிறுவிய பிறகே வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பூட்டிய கருவி கையில் வந்துவிட்டால், தளத்தில் புகாருக்கான காலக்கெடு முடிவதற்குள் உரையாடல், ரசீது, திரையின் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். அந்தச் சமயத்தில் இணையத்தில் தேடினால் “எந்த லாக்கையும் திறந்து தருகிறோம், பாதிப் பணம் முன்னால்” என்று வரிசையாக விளம்பரங்கள் வரும். அவர்களுக்கும் பணம் அனுப்பி இரண்டாவது முறை ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.