காதால் பார்த்து எழுதும் விமர்சனம்

சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடர்களுக்கு எபிசோடு எபிசோடாக விமர்சனம் எழுதிப் பழகுகிறவர்கள் சிலர், எழுதியதை என்னிடம் தந்து பார்த்துச் சொல்லும்படி கேட்பதுண்டு. சென்ற மாதம் ஒரே எபிசோடுக்கு நான்கு பேர் எழுதியவை ஒன்றாக வந்து சேர்ந்தன. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. அவர்கள்மீது அல்ல. நான்கிலும் இருந்த தவறுகள் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்தவை. சில இடங்களில் வாக்கியம்கூட அப்படியே இருந்தது.

பெயர்களைப் பிழையாக எழுதாதீர்கள், தலைப்பிலேயே முடிவைப் போட்டு உடைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர்ப்பட்டியல் ஓடியதும் அணைத்துவிடுவது

‘இன்வின்சிபிள்’ தொடரின் முதல் மூன்று எபிசோடுகள் 2021 மார்ச் 26 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் ஒன்றாக வெளியாயின. முதல் எபிசோடு, அப்பாவைப் போல ஆக வேண்டும் என்று ஏங்கும் பையனின் கதை. காத்திருந்த சக்தி அவனுக்கு வருகிறது. அப்பாவோடு பறந்து பழகுகிறான். எல்லாம் இதமாக முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் அந்த அப்பா ஆம்னிமேன், தன் சக வீரர்களையே வரவழைத்துக் கொன்று குவிக்கிறார். தொடர் என்ன தொடர் என்பதே அந்தச் சில நிமிடங்களில்தான் தெரிகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் பட்டியலைக் கண்டதும் அணைத்துவிட்டு, ‘பிள்ளைகளோடு பார்க்க ஏற்ற இதமான தொடர்’ என்று எழுதினார். அதை நம்பிப் பிள்ளைகளை உட்காரவைத்த பெற்றோர் அவருக்கு அனுப்பிய கடிதங்களை அவர் எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றையும் பார்த்துவிட்டு முதலாவதற்கு எழுதுவது

எபிசோடுகள் கூட்டமாக வெளியாகும்போது வரும் வினை இது. மூன்றாவதைப் பார்த்தவருக்கு முதலாவதில் எல்லாமே ‘முன்கூட்டியே உணர்த்திய குறிப்பு’ ஆகிவிடுகிறது. ‘அப்பாவின் பார்வையிலேயே ஏதோ உறுத்தியது’ என்று எழுதுகிறார். உறுத்தவில்லை, முடிவு தெரிந்த பிறகு உறுத்தியது. ஒன்றைப் பார்த்ததும் நிறுத்தி, நாலு வரியாவது எழுதிவைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அந்த நாலு வரி பின்னால் அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. எபிசோடு உங்களை எங்கே ஏமாற்றியது என்பதற்கு அதுதான் சாட்சி.

காமிக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது

‘மூலத்தில் இப்படி இல்லை’ என்பது தகவல். விமர்சனம் ஆகாது. இன்வின்சிபிள் காமிக்ஸ் 2003 முதல் 2018 வரை 144 இதழ்கள் வந்தது. ஆம்னிமேன் செய்யும் அந்தக் கொலை அதில் ஏழாவது இதழில்தான் வருகிறது. தொடரில் முதல் எபிசோடிலேயே வந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் பயனில்லை. இடம் மாறியதால் என்ன நடக்கிறது? இடைப்பட்ட எபிசோடுகள் முழுவதிலும் அப்பா மகனிடம் அன்பாகப் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அதை எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சில சமயம் ஆறு பின்னோக்கி ஓடும். ஜோக்கரின் கூட்டாளியான ஹார்லி குயின் 1992இல் பேட்மேன் அனிமேஷன் தொடரில் பிறந்து, மறு வருடம்தான் காமிக்ஸுக்குள் போனாள். எது மூலம், எது தழுவல் என்று நீதிபதிபோலத் தீர்ப்பு எழுதப் புறப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

தலையைக் குனிந்துகொண்டு பார்ப்பது

மற்றவற்றைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவேன். இது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொடரின் பெயர் வேண்டாம். மூத்த வீரர் இறந்துவிடுகிறார். அவருடைய மகனும் முகமூடி அணிந்த வீரன். இறுதிச் சடங்கு நடக்கிறது. அரை நிமிடத்துக்கு வசனமே இல்லை. மடியில் நோட்டு, கையில் பேனா. வசனம் நின்றதும் ‘நல்லது, இதற்குள் எழுதிவிடலாம்’ என்று குனிந்தேன். ‘மகனிடம் துக்கத்தின் சுவடே இல்லை, எழுத்தாளர்கள் கோட்டைவிட்டுவிட்டார்கள்’ என்று குறித்தேன். பிறகு அந்தக் குறிப்பையே ஊதிப் பெருக்கி எண்ணூறு சொற்களில் வசைபாடினேன். மொழிநடை அருமையாக வந்திருந்தது. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு வாசகரிடமிருந்து ஒற்றை வரி வந்தது: ‘அவன் கையுறையைப் பார்த்தீர்களா?’

திரும்பப் போட்டுப் பார்த்தேன். கூட்டம் கலைகிறது. மகன் தன் வலதுகைக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து மாட்டுகிறான். அது கொஞ்சம் பெரியது. விரல்களின் நுனி நிறையவில்லை. ஐந்து நுனிகளும் காலியாக மடங்கித் தொங்குகின்றன. அப்பாவின் கையுறை. அவன் கையை மூடித் திறந்து பார்க்கிறான். தொங்கும் நுனிகள் ஒருமுறை ஆடி நிற்கின்றன. அவ்வளவுதான், காட்சி வெட்டப்படுகிறது. அந்த எபிசோடு முழுவதும் அந்தக் காட்சியை நோக்கித்தான் வந்திருக்கிறது. நான் அந்த நேரத்தில் ‘சுவடே இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை தந்த பத்திரிகை ஆசிரியர் கோபப்படவில்லை. மீதி எபிசோடுகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். கையுறை அடுத்த மூன்று எபிசோடுகளிலும் வந்தது. அதைப் பற்றி அவர் எழுதியதை நான் காசு கொடுத்து வாங்கிப் படித்தேன்.

இந்தத் தவறு ஏன் மற்றவற்றைவிட மோசம் என்கிறேன்? நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் சட்டை கசங்குவது தற்செயலாக இருக்கலாம். காற்றில் முடி கலையலாம். அனிமேஷனில் தற்செயல் என்பது மிகக் குறைவு. திரையில் இருக்கும் ஒவ்வொன்றையும் யாரோ வரையத் தீர்மானித்திருக்கிறார்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவார்கள். அப்படியானால் வினாடிக்கு 12 ஓவியங்கள். உருவம் இடைவிடாமல் அசைந்தால் அரை நிமிடத்துக்கு 360. வசனமில்லாத இடத்தில் அத்தனை கை உழைப்பைக் கொட்டியவர்கள், நீங்கள் பேனாவைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்றா அதைச் செய்தார்கள்?

சூப்பர்ஹீரோ தொடருக்கு இதில் தனிச் சிக்கல் வேறு இருக்கிறது. பாதிப் பேருக்கு முகமே கிடையாது, முகமூடிதான். பேட்மேனுக்குக் கண் இருக்குமிடத்தில் வெள்ளைக் கீற்று மட்டும். அந்தக் கீற்று குறுகினால் கோபம், விரிந்தால் திகைப்பு. மற்றபடி தோள், கழுத்தின் சாய்வு, கை இவற்றைக் கொண்டுதான் நடிப்பு. வசனத்தை மட்டும் கேட்டால், பாத்திரத்தின் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

பேட்மேன் அனிமேஷன் தொடரில் 1992இல் வந்த ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ எபிசோடைப் பாருங்கள். பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கியது. மனைவியை இழந்த வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் பாத்திரத்துக்கு மைக்கேல் அன்சாரா குரல் கொடுத்தார். ஏற்ற இறக்கமே இல்லாத, இயந்திரம் பேசுவதுபோன்ற குரல். இயக்குநர் வேண்டுமென்றே அப்படிப் பேசவைத்தார். கண்களைச் சிவப்புக் கண்ணாடி மறைக்கிறது. ஆக, குரலில் உணர்ச்சி இல்லை, கண்ணும் இல்லை. துக்கத்தை எங்கே வைப்பது? கண்ணாடிக் குமிழுக்குள் பனி தூவ ஆடும் நடனப் பொம்மையில் வைத்தார்கள். தொடக்கத்தில் அதைப் பார்த்துத்தான் அவர் மனைவியிடம் பேசுகிறார். கடைசியில் சிறையறையில் உட்கார்ந்திருக்கும்போதும் எதிரே அதுதான். இதைக் காதால் மட்டும் கேட்டவர், ‘குரல் நடிப்பு தட்டையாக இருந்தது’ என்று எழுதுவார். சொன்னது உண்மை, புரிந்துகொண்டது பூஜ்யம்.

இப்போது நான் செய்வது இது. முதல்முறை பார்க்கும்போது நோட்டு பக்கத்து அறையில் இருக்கும். இரண்டாம்முறை ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு, பேனாவோடு பார்க்கிறேன். ஒலி இல்லாமல் பார்த்தால் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். 22 நிமிட எபிசோடுக்கு 44 நிமிடம். அதற்கு நேரமில்லை என்றால் அந்த வாரம் எழுத வேண்டாம்.

என்னிடம் வந்த நான்கு விமர்சனங்களில் மூன்றை, எபிசோடு ஓடும்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவரும் எழுதியிருக்க முடியும்.

‘அனிமேஷன் சுமார்’

எது சுமார்? உருவம் ஒவ்வொரு காட்சியிலும் வேறு ஆள்போலத் தெரிகிறதா? அசைவில் எடை இல்லையா? அடி விழுந்தும் உடல் நகரவில்லையா? பின்னணி வெறிச்சென்று இருக்கிறதா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு குறைகள். வேலை செய்தவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள்.

அதே பேட்மேன் தொடரில் ‘ஃபீட் ஆஃப் க்ளே’ இரண்டு பாகம். முதல் பாகத்துக்கு அனிமேஷன் செய்தது தென் கொரியாவின் அகோம் நிறுவனம், இரண்டாவதற்கு ஜப்பானின் டிஎம்எஸ். அடுத்தடுத்துப் பார்த்தால் வேறு வேறு தொடர்களோ என்று தோன்றும். இரண்டாம் பாகத்தின் க்ளைமாக்ஸில், தான் நடித்த வேடங்களெல்லாம் திரைகளில் ஓட, களிமண் உடல்கொண்ட நடிகன் கட்டுப்பாடிழந்து ஒவ்வொரு வேடமாக உருகி உருகி மாறுகிறான். அந்த உருகலை அந்தக் கைகள் வரைந்ததால்தான் அது சோகமாக இருக்கிறது. எனவே ‘இந்த வாரம் தரம் குறைந்துவிட்டது’ என்று எழுதும் முன், இறுதிப் பட்டியலில் அனிமேஷன் நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்கனத்தையும் சோம்பலையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இன்வின்சிபிள் இரண்டாம் சீசனில், காமிக்ஸ் விழாவுக்குப் போகும் நாயகன் மார்க்கிடம் ஒருவர் அனிமேஷனில் எப்படியெல்லாம் செலவை மிச்சம் பிடிப்பார்கள் என்று விளக்குவார். அசையாப் படத்தின்மேல் கேமராவை நகர்த்துவது, பேசுகிறவரின் வாயை மறைத்துவிடுவது. அவர் சொல்லச் சொல்ல அந்தக் காட்சியிலேயே அவை எல்லாம் நடக்கும். அந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டி ‘இந்த எபிசோடில் அனிமேஷன் படு மட்டம்’ என்று எழுதியவர் என் நால்வரில் ஒருவர் அல்ல. இன்னும் பழைய ஆள். நண்பர்தான், இப்போதும் பேசிக்கொள்கிறோம்.

எபிசோடு எண்ணை நம்புவது

பழைய தொடர்களுக்குப் போகும்போது மட்டும் கவனம். பேட்மேன் தொடரில் முதலில் தயாரானது ‘ஆன் லெதர் விங்ஸ்’. ஆனால் 1992 செப்டம்பர் 5 அன்று முதலில் ஒளிபரப்பானது ‘தி கேட் அண்ட் தி க்ளா’வின் முதல் பாகம். ஒளிபரப்பு வரிசையை வைத்துக்கொண்டு பாத்திர வளர்ச்சி பற்றி ஆய்வு எழுதாதீர்கள்.

நிரப்பு எபிசோடு

கதை நகராமல் இடத்தை அடைக்க மட்டும் எடுத்த எபிசோடு என்று பொருள். சீசன் முடியும்வரை இந்தச் சொல் வேண்டாம்.

மதிப்பெண்

பத்துக்கு எட்டரை என்றால் அந்த அரை எதற்கு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, போடுவதை நிறுத்திவிட்டேன்.

டப்பிங்

குரல் நடிப்பைப் பாராட்டுங்கள், திட்டுங்கள். எந்த மொழியில் கேட்டீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

அவசர இரங்கல்

சூப்பர்ஹீரோ கதைகளில் இறந்தவர்கள் திரும்பி வருவது பழைய நகைச்சுவை. அதற்காக எந்த மரணத்தையும் நம்பாமல் இருந்தால் காட்சியின் வலி போய்விடும்; எல்லாவற்றையும் நம்பினால் நம் மானம் போய்விடும். ‘எக்ஸ்-மென் 97’ தொடரின் ஐந்தாவது எபிசோடு 2024 ஏப்ரல் 10 அன்று வந்தது. மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே அசாதாரண சக்தி கொண்டவர்கள், வாழும் ஜெனோஷா தீவு தாக்கப்படுகிறது. அன்றிரவே உட்கார்ந்து எக்ஸ்-மென் அணியின் காம்பிட், மேக்னீட்டோ இருவருக்கும் சேர்த்து உருக்கமாக ஓர் இரங்கல் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, ஏழாவது எபிசோடின் முடிவில் மேக்னீட்டோ உயிரோடு சிறைப்பட்டுக் கிடந்தார்.

ஐந்தாவதைத் திரும்பப் போட்டு, ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். காம்பிட்டின் உடல் அவனை நேசித்த ரோகின் மடியில் கிடக்கிறது. அதை நம் கண்முன்னே காட்டுகிறார்கள். மேக்னீட்டோவின் உடலைக் காட்டவே இல்லை.