திரவப் படிகத்தால் டெராஹெர்ட்ஸ் உறிஞ்சி: முதலில் ஒரு பழகு செல்

டெராஹெர்ட்ஸ் அலையை (நொடிக்கு லட்சம் கோடி அதிர்வு அளவிலான மின்காந்த அலை) உறிஞ்சும் தகட்டில், மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட உறிஞ்சும் அதிர்வெண் நகர வேண்டும். மெட்டாமெட்டீரியல் (நுண்ணிய உலோக வடிவங்களால் அலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உறிஞ்சிக்குள் திரவப் படிகத்தை (திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்கும் பொருள்) வைப்பது இதற்குத்தான். கீழே முழு உலோகத் தளம், மேலே உலோகச் சதுரங்களின் வரிசை, நடுவே சில மைக்ரான் படிகம். ஆனால் உலோகத் தளம் ஒளியை மறைத்துவிடும்; படிகம் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி புகும் பூச்சு) கண்ணாடியில் ஒரு செல் (இரு கண்ணாடிகளுக்கிடையே படிகம் அடைத்த கூடு) செய்து கை பழகிவிட்டு உறிஞ்சிக்குப் போங்கள்.

படிகம்

பலரும் 5சிபி என்ற திரவப் படிகத்தை வாங்குவார்கள். அது ஏறத்தாழ 24 முதல் 35 டிகிரி வரைதான் திரவப் படிகம். தர்மபுரியில் சித்திரை மதியம் வெறும் எண்ணெயாகிவிடும். ஓசூரில் மார்கழிக் காலையில் உறைந்து வெள்ளையாகலாம். இ7 என்ற திரவப் படிகக் கலவை சுமார் 60 டிகிரி வரை தாங்கும். அதையே வாங்குங்கள்.

கண்ணாடி

2 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு. சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீர். இந்த வட்டாரத்து போர் தண்ணீர் உப்பும் ஃபுளோரைடும் கலந்தது; அதில் அலசினால் அயனிகள் ஒட்டிக்கொண்டு, பிறகு படிகத்துக்குள் மின்புலத்தை மறைக்கும். மல்டிமீட்டரில் சில பத்து ஓம் காட்டும் பக்கமே ஐடிஓ பக்கம்.

அடுக்கும் திசை

காய்ச்சி வடித்த நீரில் 1% பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசல், ஸ்பின் கோட்டரில் (சுழற்றிப் பூசும் கருவி) நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 நொடி. 110 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடுங்கள். வெல்வெட் துணியால் ஒரே திசையில் பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். முன்னும் பின்னுமாக வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், பின்னால் அது வெளிச்சக் கோடாகத் தெரியும்.

ஒட்டுதல்

தேய்த்த திசைகள் எதிரெதிராக வரும்படி வைத்து, இரு ஓரங்களில் 12 மைக்ரான் மைலார் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) பட்டை. வயர் பிடிக்க 5 மி.மீ. தள்ளி அடுக்குங்கள். பக்கங்களை எபாக்சியால் அடைத்து முழுதாகக் காயவிடுங்கள். காயாத பசை படிகத்தில் கரைந்து கெடுக்கும். காலிச் செல்லை சோடியம் விளக்கின் கீழ் பாருங்கள். தெரியும் வெளிச்ச, இருள் வரிகள் நெருக்கமாக இருந்தால் இடைவெளி சரிவு. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இடைவெளி சுமார் 0.3 மைக்ரான் மாறுகிறது. இரு தகடுகளுக்கிடையே மல்டிமீட்டர் ஷார்ட் காட்டினால் தூசியோ உலோகத் துகளோ உள்ளே இருக்கிறது. பிரித்துக் கழுவுவதே வழி.

நிரப்புதல்

செல்லையும் இ7-ஐயும் ஹாட் பிளேட்டில் 70 டிகிரிக்குக் கொண்டுபோய், திறந்த ஒரு ஓரத்தில் மட்டும் துளி வையுங்கள். தந்துகியாய் இழுத்துக்கொள்ளும், 5 மைக்ரோலிட்டர் போதும். இரு ஓரமும் வைத்தால் நடுவில் காற்றுக் குமிழ் சிக்கும். மெல்ல ஆறவிடுங்கள்.

ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்த இரு போலராய்டுகளுக்கிடையே (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள்) செல்லைச் சுழற்றினால் 90 டிகிரிக்கு ஒருமுறை இருள வேண்டும். எங்கும் இருளாமல் நூல்நூலாகத் தெரிந்தால் தேய்த்தது போதவில்லை.

மின்னழுத்தம்

1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, 0 முதல் 10 வோல்ட். 1 வோல்ட் அருகே படிகத்தின் மூலக்கூறுகள் நிமிரத் தொடங்கும். டிசி மட்டும் கொடுக்காதீர்கள். அயனிகள் தகடுகளில் குவியும், படிகம் சிதையும். அணைத்ததும் திரும்பும் நேரம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது: 12 மைக்ரானில் கால் நொடி, 25 மைக்ரானில் ஒரு நொடிக்கும் மேல்.

உறிஞ்சிக்கு மாற்றுவது

ஐடிஓவுக்கு இங்கே இடமில்லை, மேல் தகட்டில் போட்டால் டெராஹெர்ட்ஸ் அலையைத் தடுத்துவிடும். மேலே குவார்ட்ஸ் தகடு (சாதாரணக் கண்ணாடி அந்த அலையை உறிஞ்சும்), கீழே எந்தக் கண்ணாடியும் ஆகும். இரண்டிலும் 200 நானோமீட்டர் அலுமினியம் அல்லது தங்கம். சதுரங்களை மெல்லிய கோடுகளால் இணைக்க மறக்காதீர்கள். இணைக்காத சதுரத்துக்கு மின்னழுத்தம் போகாது. லித்தோகிராஃபி (ஒளியால் நுண்ணிய வடிவம் பதிக்கும்) வேலைக்கு ஐஐஎஸ்சி பெங்களூரு போன்ற நானோ வசதிக் கூடத்தில் நேரம் கேளுங்கள்.

சதுரத்தின் நீளம் தோராயமாக ஒளிவேகம் ÷ (2 × அதிர்வெண் × ஒளிவிலகல் எண்). 95 மைக்ரான் வைத்தால், மின்னழுத்தம் இல்லாதபோது இ7-இன் எண் 1.57, அதிர்வெண் சுமார் 1.01 டெராஹெர்ட்ஸ்; மூலக்கூறுகள் முழுதாக நிமிர்ந்ததும் 1.71, அப்போது 0.92. சதுர ஓரங்களில் மின்புலம் வளைவதால் நிஜத்தில் நகர்வு இதைவிடக் குறையும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிடைத்தது 4% நகர்வு. உங்கள் அளவீட்டில் 8% வந்தால், மகிழ்வதற்கு முன், மின்னழுத்தம் இல்லாமலும் கொடுத்தும் எடுத்த இரு அளவீட்டிலும் செல்லின் வெப்பநிலை ஒன்றுதானா என்று பாருங்கள்.