பார் சைக்கிளுக்குப் பழைய சாமான்: எதை மாட்டலாம், எதைப் புதுசாகத்தான் வாங்கணும்

தோட்டத்துச் சாளையில் சாய்த்து வைத்தபடியே பத்துப் பதினைந்து வருசம் கிடந்த 28 அங்குலப் பார் சைக்கிளைக்கூட ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், ஃபிரேம் நேராக இருந்தால். ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ், ராலே எதுவானாலும் முதல் கேள்வி இதுதான். பெயிண்ட், சீட்டு, கேரியர் எல்லாம் அப்புறம்.

பார்ப்பதற்கு ஒரு நூல்கண்டு போதும். பின் வீலைக் கழற்றுங்கள். இடப்பக்கம் ஆக்சில் உட்காரும் காடியில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, வலப்பக்கக் காடியில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் ஃபிரேம் நேர். அதற்கு மேல் போனால் பின்பக்கம் ஒருபுறமாக வளைந்திருக்கிறது. நல்ல கைப்பழக்கம் உள்ள ஆள் நிமிர்த்திக் கொடுப்பார். அடுத்து, ஹெட் குழாயை ஒட்டினாற்போல் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருக்கம் விழுந்தோ மேடு தட்டியோ இருந்தால் வண்டி எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. அந்த ஃபிரேமில் காசைப் போடாதீர்கள்.

ஃபிரேம், ஃபோர்க், கிராங்க், செயின் கவர், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெடல், சீட்டின் இரும்புச் சட்டம், பெல், டைனமோ, ஹப் ஓடு: இவையெல்லாம் கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக்கடையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பால்ரஸ், காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலோடு பிடித்து வைக்கும் ஆப்பு ஊசி), பிரேக் கட்டை, டயர், ட்யூப், செயின் இவற்றை மட்டும் புதுசாக வாங்குங்கள். மொத்தச் செலவில் இவை சின்னப் பங்குதான். பழசாகப் போட்டால் வேலை முழுக்க வீணாவதும் இவற்றால்தான். ஹப்பில் ஒரு பால்ரஸ் தேய்ந்திருந்தால் மீதி நல்லதெல்லாம் சேர்ந்து கோனை (ஆக்சிலில் பால்ரஸ் உருளும் கூம்பு நட்டை) தின்றுவிடும்.

பால்ரஸ் கணக்கு: முன் ஹப்புக்குப் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு ஒன்பது, 1/4 அங்குலம். கிராங்க் ஆக்சிலுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று, 1/4 அங்குலம். கப் நிறைய அடுக்கிவிட்டு, ஒன்று மட்டும் போகும் அளவு இடம் காலியாக விட்டால் கணக்குச் சரி. இறுக்கி அடைத்தால் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

அங்குலமும் மில்லிமீட்டரும்

வேறு வண்டிச் சாமானை இதில் மாட்டும்போது அதிகம் மாட்டிக்கொள்வது மரையில்தான். ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் ஒரு இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டாகத் தொடங்கியது. மற்றக் கம்பெனிகளின் பார் சைக்கிளும் அதே இங்கிலாந்து வார்ப்புத்தான். அதனால் பின் ஆக்சில் 3/8 அங்குலம், முன் ஆக்சில் 5/16 அங்குலம், இரண்டும் அங்குலத்துக்கு 26 மரை. கியர் சைக்கிளின் 10 மி.மீ. நட்டை 3/8 ஆக்சிலில் போட்டால் சுளுவாக ஏறும், இறுகியது போலவும் தெரியும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும்; மேட்டில் அழுத்தி மிதித்ததும் வழுக்கிவிடும். கையால் நான்கைந்து சுற்று ஏற்றி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் அது உங்கள் வண்டி நட்டு இல்லை.

பெடலில் இந்தத் தொல்லை கிடையாது. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 9/16 அங்குலம்தான். இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்புறம் சுற்றும்.

வீலில் கவனம் வேண்டும். பார் சைக்கிளின் 28 x 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. கியர் சைக்கிளின் 700சி ரிம் 622 மி.மீ. பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். டயர் ஒன்றுக்கொன்று சேராது. ஸ்போக்ஸ் துளைக் கணக்கும் வேறு. பார் சைக்கிளில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40. கியர் சைக்கிளில் பெரும்பாலும் 36. ரிம்மை மாற்றினால் ஹப்பையும் மாற்ற வேண்டும். கியர் சைக்கிளின் பின் ஹப்போ 126 முதல் 135 மி.மீ. அகலம். பார் சைக்கிளில் அது உட்காரும் இடம் சுமார் 110 மி.மீ.தான். நெம்பி விரித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விரித்த காடி இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதில்லை. ஆக்சில் வளைந்து கடைசியில் உடையும்.

கம்பி பிரேக்கை என்ன செய்வது

பழைய சைக்கிளை ஸ்டைலாக மாற்றுகிறவர்கள் முதலில் கை வைப்பது ஹேண்டில் பாரில். பார் சைக்கிளில் பிரேக் பிடியும் கம்பியும் ஹேண்டிலோடு சேர்ந்தே இருக்கின்றன. ஹேண்டில் போனால் பிரேக்கும் போயிற்று. அதற்குப் பதில் பக்கவாட்டில் கவ்வும் வயர் பிரேக்கைப் போடலாமென்றால் ரிம் இடம் கொடுக்காது. கம்பி பிரேக் ரிம்முக்குப் பக்கச்சுவர் உருண்டையாக இருக்கும், கட்டை பதிவதற்குத் தட்டையான பரப்பே இருக்காது. பிரேக் மாட்டும் துளையும் பல ஃபோர்க்குகளில் இல்லை. எங்கள் யோசனை: கம்பி பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதை ஒழுங்குசெய்யுங்கள்.

கட்டை ரிம்மின் உட்பக்கம் பிடிக்கிறது. அதனால் இந்த வீலில் பக்கக் கோட்டத்தைவிட மேலும் கீழுமாக ஏறி இறங்குவதுதான் பிரேக்கைக் கெடுக்கும். கோட்டம் எடுக்கக் கொடுக்கும்போது “ஏத்த எறக்கத்தையும் பாருங்கண்ணா” என்று சொல்லிவிடுங்கள். அது சரியானபின் கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ. இடைவெளி வைத்துக் கம்பியின் கிளிப்பை இறுக்குங்கள். இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். மழையில் குரோம் ரிம் வழுக்கும், கட்டை எவ்வளவு புதுசானாலும். சந்தை நாளில் மூட்டையோடு இறங்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஆடிக்காற்றும் பல்லும்

பெரும்பாலான பார் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீல் 18 பல். ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மேற்கே பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பல் கட்டாது. காற்றாலை நட்ட ஊரில் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, ஃப்ரீவீலை மாற்றுங்கள். 22 பல் போட்டால் ஒரு மிதிக்கு 4.4 மீட்டர், முழங்கால் பிழைக்கும். கடையில் 20தான் இருக்கிறதென்றால் 4.8 மீட்டர். ஃப்ரீவீலின் மரை அளவு பொது என்பதால் பழைய ஹப்பிலேயே ஏறிவிடும்.

18இலிருந்து 22க்குப் போகும்போது செயின் நீளம் போதுமா என்ற சந்தேகம் வரும். வீலைக் காடியில் அரை அங்குலம் முன்னே தள்ளினால் அதே நீளம் போதும். தள்ளிய பிறகு பின் பிரேக் கட்டையை மறுபடி சரிபாருங்கள். மூடிய செயின் கவர் என்றால் பெரிய பல் உள்ளே உரசும். அரைக் கவருக்கு மாறிக்கொள்ளுங்கள். கழற்றிய செயின் இன்னும் நல்லதுதானா என்று பார்க்க, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஸ்கேல் வைத்து ஊசிக்கு ஊசி அளங்கள்: 12 1/8 அங்குலத்தைத் தொட்டிருந்தால் போதும் அதன் ஆயுசு. தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால் பல்லையும் சேர்த்துத் தின்னும்.

காட்டர் பின்

கிராங்க் கழற்றுவதில்தான் ஃபிரேம் கெடுகிறது. முந்தின ராத்திரியே மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து பின்னைச் சுற்றி ஊற்றிவிடுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே போகிற மாதிரி ஒரு தடித்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடியெல்லாம் பால்ரஸ் கப்பில் இறங்கிக் குழி விழும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி. பத்துச் சின்ன அடி பின்னை வளைக்குமே தவிர வெளியே தள்ளாது.

மாட்டும்போது இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இறங்க வேண்டும். ஒரே பக்கமாக இறக்கினால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது. பின்னை உள்ளே இறக்குவது சுத்தியல் வேலை, நட்டின் வேலை பிடித்து வைப்பது மட்டும். நட்டைத் திருகியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு தட்டு, மறுபடி நட்டை இறுக்கு. மிதிக்கு ஒரு தரம் ‘டக்’கென்று கேட்டால் பின் உட்காரவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் கிராங்கின் துளை அகன்றுவிடும்.

மில், பஸ் பாடி, லாரி

ஹேண்டில் பிடிக்கு நூல் மில்லின் பழைய மரப் பாபின் அருமையான சாமான். சிம்ப்ளக்ஸ் எந்திரத்தில் ஓடிய பெரிய பாபினாகப் பாருங்கள். பிளாஸ்டிக் வந்தபின் மரத்தது பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. பல வருசம் நூலும் கையும் பட்டு மரம் வழவழப்பாக இருக்கும். லேத் பட்டறையில் கொடுத்து உள்துளை 22 மி.மீ., நீளம் 120 மி.மீ. கடையச் சொல்லுங்கள். வெளிவிட்டம் 32 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுவர் 5 மி.மீ.க்குக் கீழே போனால் வண்டி சாய்ந்து விழும் முதல் நாளே பிளக்கும். முதலில் ஹேண்டிலின் விட்டத்தை வெர்னியரில் அளந்து கொடுப்பது நல்லது, குரோம் ஏறியதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். கையால் தள்ளினால் போகும் அளவுக்குக் கடைந்து, அரால்டைட் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும்.

கேரியர் பலகைக்குக் கரூர் பஸ் பாடிப் பட்டறைகளில் மிஞ்சும் புள்ளி போட்ட அலுமினியத் தகடு. 2 மி.மீ. கனம் போதும். ஓரத்தைக் கீழ்நோக்கி 15 மி.மீ. மடக்கினால்தான் மூட்டைக்கு வளையாது. இரும்புக் கேரியரின் மேல் அலுமினியத்தை நேராக வைத்தால் மழைத் தண்ணீர் தங்கி, சேருமிடத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும். இடையில் லாரி ட்யூப் துண்டு வைத்து, 6 மி.மீ. போல்ட்டால் இறுக்குங்கள். எதற்காகவும் ஃபிரேமில் துளை போடாதீர்கள், ஆர்க் வெல்டிங்கும் வைக்காதீர்கள். குழாய்ச் சுவர் மெல்லிசு, ஆர்க் பட்டால் ஓட்டை விழும். பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால் கேஸில் பித்தளை வையுங்கள்.

லாரி ட்யூப் நாமக்கல், சங்ககிரி பக்கம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். 25 மி.மீ. பட்டையாக வெட்டினால் மூட்டை கட்டக் கயிற்றைவிட நன்றாகப் பிடிக்கும். செயின் அடிக்கும் கம்பியில் சுற்றினால் பெயிண்ட் தப்பும். ரிம்முக்குள் ஸ்போக்ஸ் தலைக்கு மேல் மட்டும் அதைப் போடாதீர்கள். கனம் அதிகம், டயர் உட்காராமல் ஒரு பக்கம் பிதுங்கும். அதற்குப் பழைய சைக்கிள் ட்யூபே சரி.

சீட்டுச் சட்டமும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்து தோல் மட்டும் போயிருந்தால் தோலை மாற்றலாம். ஈரோட்டில் தோல் பதனிடும் இடங்களில், பட்டைச்சாற்றில் பதனிட்ட எருமைத்தோல் 4 அல்லது 5 மி.மீ. கனத்தில் கேளுங்கள். செருப்பு, பை தைக்கும் மெல்லிய தோல் ஒரு மாதத்தில் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் காய்ந்த தோல் வெடிக்கும். காய்ந்தபின் துளையிட்டுச் செம்பு ரிவெட் அடியுங்கள். முன் மூக்கிலுள்ள இழுப்பு நட்டை அப்போதே முழுக்க இறுக்கிவிடாதீர்கள், பின்னால் தோல் தளரும்போது அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்ப அதுதான் மிச்சம். விளக்கெண்ணெய் அடிப்பக்கம் மட்டும், நாலைந்து சொட்டு.

துருப்பிடித்த சின்னச் சாமானுக்கு எலுமிச்சை உப்பு: பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ, ஒரு ராத்திரி. எடுத்ததும் ஆப்பச்சோடாத் தண்ணீரில் அலசி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, உடனே ஆயில் போடுங்கள். ஒரு மணி நேரம் விட்டால்கூடப் புதுத்துரு பூக்கும். அலுமினியத்தை அதில் போடக் கூடாது. சீட்டு ஸ்பிரிங்கையும் ஊறப்போடாதீர்கள், அமிலத்தில் கிடந்த ஸ்பிரிங் கம்பி பாரம் ஏறும்போது முறியலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

டைனமோ 6 வோல்ட் 3 வாட் என்றால் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடலாம். டைனமோ தருவது ஏ.சி.; நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. துடிக்கும், எதிர்மின்சாரத்தில் சீக்கிரம் போகும். ஏ.சி.யை டி.சி.யாக்க 1என்5819 டயோடு நான்கைப் பிரிட்ஜாகக் கட்டி, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். டைனமோ அரை ஆம்பியர்வரை தள்ளும் என்பதால் 1 வாட் எல்.இ.டி. தாங்காது. 3 வாட் எல்.இ.டி. இரண்டைத் தொடராக இணைத்து, கேரியருக்கு வெட்டியதில் மிஞ்சிய அலுமினியத் துண்டில் பதியுங்கள். ஒரு வயர் போதும், மற்றது ஃபிரேம் வழியாகப் போகும் என்பார்கள். பிரிட்ஜ் வைத்தபின் அது நடக்காது: விளக்கின் இரண்டு வயரையும் ஃபிரேமில் படாமல் தனியாக இழுங்கள், இல்லாவிட்டால் ஒரு டயோடு ஷார்ட் ஆகி வெளிச்சம் பாதியாகும்.